தார் மட்டத்துக்குக் கீழே வசிப்பவரின் மனு

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர், தரைத்தளம் (தங்கள் பதிவேட்டின்படி).
பெறுநர்: தலைமைப் பொறியாளர் அவர்கள், சாலைகள் துறை, எங்கள் மாநகராட்சி.
பொருள்: சாலை – உயர்தல் – வீடு தாழ்தல் – இழப்பீடு கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் துறை எங்கள் தெருவில் அவ்வப்போது கொட்டிய தார்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி. எங்கள் தெருவுக்கு ரோடு போடவில்லை என்று எந்தக் கட்சிக்காரரும் உங்கள் மேல் பழி சொல்ல முடியாது. போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தேர்தலுக்கு முன்னால் ஒரு தடவை, கேபிள்காரர்கள் தோண்டிப்போட்ட பிறகு ஒரு தடவை, பெரிய மனிதர் யாராவது இந்தப் பக்கம் வருவதாகச் சேதி வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தடவை. என் அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து நான்கு படி ஏறி உள்ளே வர வேண்டும். இப்போது ஒரு படி இறங்கினால் போதும். முழங்கால் வலிக்காரனுக்கு இது ஒரு வகையில் சௌகரியம்தான்.

நான் நில அளவராக இருந்து ஓய்வுபெற்றவன். உத்தியோக காலம் முழுக்க ஊரார் நிலத்தை நீளமாகவும் அகலமாகவும் அளந்து கொடுத்திருக்கிறேன். பட்டாவில் உயரத்துக்கு இடம் கிடையாது. அடுத்தவன் வேலியை ஓர் அடி தள்ளி நட்டால் வெட்டுக்குத்து வரை போகிற ஊர் இது. உயரத்தில் ஐந்து படி போனதற்கு எந்தத் தாலுகா ஆபீசிலும் மனு வாங்க ஆளில்லை. என் நிலத்தில் நீங்கள் ஓர் அங்குலம்கூட எடுக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். புல எல்லை அப்படியே இருக்கிறது, கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. கல்லின் தலைதான் தாருக்கு அடியில் போய்விட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் உதவிப் பொறியாளர் ஒருவரே எனக்கு விளக்கினார், நல்ல பிள்ளை. ஒரு தடவை மேல்பூச்சு போட்டால் முப்பது, நாற்பது மில்லிமீட்டர். கீழே மட்டம் செய்ய ஓர் அடுக்கு சேர்ந்தால் அதற்கும் மேலே. வீட்டுப் படி ஒன்று ஏறக்குறைய நூற்றைம்பது மில்லிமீட்டர். ஆக மூன்று நான்கு ரோடு ஒரு படியைத் தின்றுவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு மில்லிங் மெஷின் வர வேண்டும், சுரண்டியதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், தெருவை அடைக்க வேண்டும். மேலேயே கொட்டினால் ரோலர் ஒன்று போதும், விடிவதற்குள் வேலை முடிந்துவிடும். எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் நீளம் எழுதுகிறீர்கள், அகலம் எழுதுகிறீர்கள், கனமும் எழுதுகிறீர்கள். அந்தக் கனம் இன்று போட்ட கனம். நேற்றுப் போட்டதும் முந்தாநாள் போட்டதும் அடியில் கிடப்பதைக் கூட்டிச் சொல்ல அதில் கட்டம் இல்லை. என் பட்டாவும் உங்கள் எம்-புக்கும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி.

கட்டம் இல்லையே தவிர, உத்தரவு இல்லாமல் இல்லை. 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் மறுபடி ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக்கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். அவர் புத்தகங்களுக்குத் தமிழ்நாடு முழுக்க வாசகர்கள் உண்டு. இந்த ஒரு எழுத்துக்கு மட்டும் எங்கள் வார்டில் வாசகர் கிடைக்கவில்லை. சுற்றறிக்கைக்குப் பிறகும் எங்கள் தெருவுக்கு ரோலர் வந்தது. சுரண்டினார்களா என்று கேட்டால், சுரண்டினார்கள்: தெருமுனையில், போட்டோவில் தெரிகிற அளவுக்கு.

மழைக்காலத்தை அதிகம் விவரிக்கப்போவதில்லை. தெருத் தண்ணீர் தாழ்வான இடம் தேடிப் போகும். அந்த இடத்தின் கதவிலக்கம் என் வீட்டுடையது. மழைநீர் வடிகால் கட்டினீர்கள். அதன் மூடி ரோட்டைவிட உயரத்தில் இருப்பதால் மழைநீர் அதற்குள் போகக் கூச்சப்பட்டு என் வீட்டுக்கு வருகிறது. சம்ப்பில் என்ன கலக்கிறது என்பதை மனுவில் எழுத முடியாது. குளியலறைத் துவாரத்தில் போக வேண்டியது திரும்பி வருகிறது. எதிர்வீட்டில் பழைய வீட்டை இடித்து ஸ்டில்ட் பார்க்கிங் வைத்து உயரத்தில் கட்டிவிட்டார்கள். அவர்கள் வாசலில் விழுகிற மழையும் எங்களுக்கே வரவு. ஆள் சண்டைக்காரர் இல்லை. "நீங்களும் இடிச்சுக் கட்டிடுங்க சார்" என்று அன்பாகச் சொல்வார்.

கேட்டின் கதை தனி. வெளிப்பக்கம் திறக்கிற இரும்பு கேட். தெரு உயர உயர அது தாரில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து அடிப்பக்கத்தை அறுத்துவிடுவோம். அடுத்த ரோடு, அடுத்த அறுப்பு. இப்போது அது கேட்டா ஜன்னலா என்று சொல்வது கடினம். வண்டியை ஏற்றி இறக்க ஒரு சாய்தளம் போட்டேன். மறு வாரமே உங்கள் ஆட்கள் ஆக்கிரமிப்பு என்று உடைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். பொது இடத்தில் நான் நீட்டியது அரை மீட்டர். நீட்டுவதென்றால் மேலே நீட்ட வேண்டும் என்கிற சூட்சுமம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமே என்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்போது அதற்கென்றே கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். வடக்கே ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து, சுவரை அடியில் அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வரிசையாக வைத்து, இம்மி இம்மியாகத் திருகி மூன்றடி நாலடி உயர்த்திக் கொடுக்கிறார்கள். சதுர அடிக் கணக்கில் கூலி. எல்லாம் வீட்டுக்காரன் செலவு. இதை நினைக்கும்போது சிகாகோ நகரத்தின் ஞாபகம் வருகிறது. 1850களிலும் 60களிலும் அந்த நகரம் தன் தெருக்களைப் பல அடி உயர்த்தியது. 1861இல் ட்ரெமான்ட் ஹவுஸ் என்கிற செங்கல் ஓட்டலையே திருகு ஜாக்கிகளால் தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவர், பின்னாளில் ரயில் பெட்டிகளால் பேர் வாங்கிய ஜார்ஜ் புல்மன். அங்கேயும் கட்டடத்தை உயர்த்துவது கட்டடக்காரன் பாடு. ஆனால் தெருவை உயர்த்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏரிக்கரைச் சதுப்பு நிலம், பள்ளம் தோண்டிச் சாக்கடை போட வழியில்லை; ஆகவே குழாயைத் தரைமேல் பதித்து அதன் மேல் மண்ணைக் கொட்டித் தெருவாக்கினார்கள். நம் தெரு எதற்காக உயர்ந்தது என்று கேட்டால் நீங்களும் முழிப்பீர்கள், நானும் முழிப்பேன். யாரும் உயர்த்த முடிவெடுக்கவில்லை, அதுவாக உயர்ந்துவிட்டது. முடிவெடுத்திருந்தால் ஒரு கோப்பு இருக்கும். கோப்பு இருந்தால் அதில் ஒரு கையெழுத்து இருக்கும்.

என் மருமகள் வழக்கறிஞர். நஷ்ட ஈடு கேட்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "அவங்க உங்க நிலத்தை எடுக்கலையே மாமா. எடுத்திருந்தா கேஸ் நல்லா இருந்திருக்கும்" என்றாள். 1978இன் 44ஆம் திருத்தத்தோடு சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து இறங்கி 300ஏ பிரிவுக்கு வந்துவிட்டது என்றும், அதுவும் சொத்தைப் பறிப்பதைப் பற்றித்தான் பேசுகிறது என்றும் சொன்னாள். என் வீட்டைப் போலவே அந்த உரிமையும் ஐந்து படி இறங்கியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

பிறகு பழைய தீர்ப்புகளைக் காட்டினாள். எனக்கு மிகவும் ஆறுதல். 1792இல் இங்கிலாந்தில் கண்ணாடி வார்க்கிற ஒரு கம்பெனியின் வாசலை ஒட்டித் தெருவை உயர்த்திவிட்டார்கள்; பாரம் ஏற்றிய வண்டி அவர்கள் வாயிலில் நுழைய முடியாமல் போயிற்று. கேட்டை அறுக்கிற வெல்டிங் பட்டறை அந்தக் காலத்தில் இல்லை, பாவம். வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். தெரு போடுகிறவர்கள் தங்கள் அதிகாரத்துக்குள் செய்ததற்கெல்லாம் ஈடு கொடுக்க ஆரம்பித்தால் வழக்குக்கு முடிவே இருக்காது என்று நீதிமன்றம் கருதியது. 1823இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நேர் எதிர்: தெருவைத் தோண்டித் தாழ்த்தி, ஒருவர் வீட்டின் அஸ்திவாரத்தை வெளியே தெரியவிட்டார்கள். அவரும் தோற்றார். தெரு ஓரமாக மனை வாங்குகிறவர், தெரு பின்னால் ஏறும் இறங்கும் என்பதை முன்கூட்டியே கணித்துத்தான் விலை கொடுத்திருப்பார் என்றது அந்தத் தீர்ப்பு. என் அப்பா பத்திரம் எழுதப் போனபோது ஜோசியரையும் சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை.

எல்லா ஊரும் அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தூக்கம் கெட வேண்டும் என்பதற்காக அல்ல. சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலம் 1870இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, பொதுக் காரியத்துக்காகச் சொத்தை எடுத்தால் மட்டுமில்லை, சேதப்படுத்தினாலும் ஈடு தர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. தெருவில் மேம்பாலம் கட்டியதால் வீட்டுக்கு வழி கெட்டுப்போன ஒருவர், தன் மனையில் யாரும் கை வைக்காத நிலையிலும், 1880களின் தொடக்கத்தில் அங்கே ஜெயித்தார். அதன் பிறகு வேறு பல மாநிலங்களும் அப்படியே எழுதிக்கொண்டன. அங்கெல்லாம் தெருப் போடாமல் விட்டுவிட்டதாகத் தகவல் இல்லை.

2022இல் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கும். வரி உயர்ந்ததைப் பற்றிப் புகார் இல்லை. இந்தத் தெருவில் எல்லாம் உயர்கிறது. ஆனால் என் வீட்டை இன்னும் தரைத்தளம் என்றே மதிப்பிடுகிறீர்கள். ஒரு வரி மதிப்பீட்டாளரை அனுப்பி, நிலவறை விகிதத்தில் போடச் சொன்னால் நியாயமாக இருக்கும். மாடியைத் தரைத்தளமாக மாற்றிக் கொடுப்பதிலும் ஆட்சேபணை இல்லை. இன்னும் சில தேர்தல்களில் அது தானே அப்படி ஆகிவிடும் என்றால் காத்திருக்கிறேன்.

இனி என் கோரிக்கை. என் நிலத்தில் ஒரே ஓர் அடி எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கம், தெருவை ஒட்டிய நீளத்துக்கு. 2013ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டப்படி எடுங்கள். மாநில நெடுஞ்சாலைச் சட்டம் வேண்டாம், அதில் சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை என்று மருமகள் எச்சரிக்கிறாள். மத்தியச் சட்டப்படி என்றால் முதலில் அந்த மதிப்பீட்டுக்கு ஆள் வந்தாக வேண்டும். அதற்காகவாவது உங்கள் தரப்பில் ஒருவர் என் வீட்டுக்குள் இறங்குவார். எடுத்த ஓர் அடிக்குச் சந்தை மதிப்பு, அதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. முக்கியமானது இனிமேல்தான்: எடுத்ததால் மிச்ச சொத்துக்கு வருகிற சேதத்தையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. முழு வீடும் மூழ்கியதற்குச் சட்டத்தில் வழியில்லை. ஓர் அடி போனால் வழி பிறக்கிறது. அந்த ஓர் அடியை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க மாட்டேன். ரோடு போடுவீர்கள்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத,
தங்கள் உண்மையுள்ள கீழ்வீட்டுக்காரன்.

இணைப்பு: (1) நடப்பு அரையாண்டு வரையிலான சொத்து வரி ரசீது. (2) வீட்டின் அனுமதி பெற்ற வரைபட நகல். தெருவிலிருந்து ஏறும் நான்கு படிகள் அதில் காட்டப்பட்டுள்ளன, தங்கள் அலுவலக முத்திரை அந்தப் படிகளின் மேலேயே விழுந்திருக்கிறது.