கருப்பு டேப்பு வைத்தியம்

கையில என்ன, கருப்பு டேப்பா? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். டிவிக்குக் கீழ செவப்பு லைட்டு விட்டு விட்டு மின்னுச்சாம், உனக்குத் தூக்கம் வரலையாம், ஒரு துண்டு டேப்பக் கிழிச்சு மேல ஒட்டுனியாம், சரியாப்போச்சுன்னு உங்கம்மாகிட்ட நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னியாம். சரியாத்தான் போச்சு. மொதல்ல லைட்டு தெரியல, இப்ப படமும் தெரியல.

கவலப்படாத, நீ தனி ஆளு இல்ல. நம்ம பாலிங் பக்கம் கூப்பாங்குலேருந்து கோலா கெட்டில் வரைக்கும் இந்த வைத்தியந்தான் நடக்குது. இன்னொரு கூட்டம் இருக்கு, டிவி மண்டையில தட்டும். தட்டுனதும் எரிஞ்சிட்டா அந்த வாரம் முழுக்க அவருக்குக் கோப்பிக்கடையில இஞ்சினியர் மரியாத. உள்ள ஈயம் விட்டுப்போன எடம் ஆட்டத்துல ஒட்டியிருக்கும், அடுத்த வாரம் திரும்பவும் விட்டுப்போகும். மூணாவது ரகம்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச ரகம். லைட்டு எரியலையா, லைட்டயே மாத்து! பாசார் மாலாமுல ஒரு பொட்டலம் எல்இடி வாங்கியாந்து, புதுசா ஒண்ண வச்சு ஈயம் பத்தவச்சு, அதுவும் எரியலேன்னதும் கடைக்காரன் டூப்ளிகேட்டு சாமான் குடுத்துட்டான்னு சண்டைக்குப் போறது.

தோட்டத்துல பெரட்டு நடக்கையில கிராணி பேரு வாசிப்பாரே, இந்த லைட்டு அவரு மாதிரி. ஆள் வரலேன்னு புத்தகத்துல எழுதிக்குவாரு. ஆளுக்குக் காய்ச்சலா, ராத்திரி குடிச்ச சம்சு எறங்கலையா, அதெல்லாம் அவருக்குத் தெரியாது. நீ கிராணி கண்ணக் கட்டிட்டு, ஆள் வேலைக்கு வந்துட்டான்னு கணக்கெழுதுற.

நெசத்தச் சொன்னா, வீட்டுச் சாமான்ல லேசுல சாகாத உறுப்பு அந்தக் குட்டி எல்இடிதான். பல்லாயிரம் மணி நேரம் எரியும். அது எரியலேன்னா முக்காவாசி நேரம் அதுக்கு வர வேண்டியது வரல, அவ்வளவுதான். அதனால செவத்துலேருந்து ஆரம்பிச்சு உள்ள போ. அந்தப் பிளக்குப் பொந்துல வேற சாமான மாட்டிப் பாரு, ஓடுதா? மூணு காலு பிளக்குக்குள்ள ஒரு ஃபியூசு இருக்கு, சோறு குக்கருக்கு 13 ஆம்பியர், சின்னச் சாமானுக்கு 3 ஆம்பியர். அது போயிருக்கா? போனா அதே அளவுல வாங்கிப் போடு. நீ புத்திசாலியாச்சே, சிகரெட்டுப் பொட்டி ஈயத்தாளச் சுத்திக்கூட மாட்டலாம். ஃபியூசு இனி எந்தக் காலத்துலயும் போகாது. வீடுதான் போகும்.

குக்கருன்னதும் ஞாபகம் வருது. நம்ம பாலிங்கப் பத்தி ஒலகமே பேசுன மாசம் எது சொல்லு? 1955 டிசம்பர். 28, 29 ரெண்டு நாளும் இங்க பள்ளிக்கூடத்துல துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரு டேவிட் மார்ஷல், டான் செங் லோக் மூணு பேரும் அரசாங்கத்துப் பக்கம். காட்டுலேருந்து எறங்கி வந்த கம்யூனிஸ்டுங்க சின் பெங், ரஷீத் மைதீன், சென் தியன் எதுத்தாப்புல. சமாதானம் பேசுனாங்க, முறிஞ்சுபோச்சு. அதே மாசம் 10ஆம் தேதிதான் ஜப்பான்ல தோஷிபாக்காரன் தானா அணையிற மொத சோறு குக்கரக் கடைக்குக் கொண்டாந்தான். அதச் செஞ்சு குடுத்தவரு யோஷிதாதா மினாமின்னு ஒருத்தரு. வீட்டுல நாள் தவறாம சோறாக்கி ஆக்கிச் சோதிச்சுப் பாத்தது அவரு சம்சாரம் ஃபுமிக்கோ. பேரு யாருக்குப் போச்சுன்னு கேக்காத, அது எல்லா வீட்டுக் கதையும்தான். சின் பெங் சமாதானக் கையெழுத்து போட 1989 டிசம்பர் ரெண்டாந் தேதி வரைக்கும் ஆச்சு, அதுவும் ஹாட்யாயில. குக்கரு அரை மணியில சோத்த எறக்கிருது. எது பெரிய கண்டுபுடிப்புன்னு நீயே முடிவு பண்ணிக்க.

இப்ப இருக்கிற சாதா குக்கருல அடித் தட்டு நடுவுல ஒரு காந்தம் இருக்கும். பானையில தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரிய விட்டு ஏறாது. தண்ணி வத்துன ஒடனே சூடு கொஞ்சம் மேல போகும், காந்தம் பிடிப்ப விடும், டக்குன்னு சுவிட்சு மேல துள்ளும், சமைக்கிற லைட்டு அணைஞ்சு சூடு காக்குற லைட்டு எரியும். சோறு வேகுறதுக்கு முந்தியே துள்ளுதா? கம்பெனிக்கு போன் போடாத. பானைக்கு அடியில ஒரு சோத்துப் பருக்கை காஞ்சு ஒட்டியிருக்கும். தொடச்சிட்டு வை. ரெண்டு லைட்டும் எரியல, ஆனா சோறு வேகுதுன்னா லைட்டுதான் போச்சு. திங்கிறது சோத்தயா லைட்டயா? லைட்டு எரியுது, தட்டு சில்லுன்னு இருக்குன்னா சூடு குடுக்குற கம்பி போச்சு. லைட்டும் இல்ல, சூடும் இல்லன்னா பிளக்கு ஃபியூசு, வயரு, கடேசியா உள்ள இருக்கிற வெப்ப ஃபியூசு. அந்த வெப்ப ஃபியூசு ஒரு தடவ போனா போனதுதான். அத எடுத்துப்போட்டுட்டு வெறுங் கம்பிய முறுக்கி ஓட்டுற வித்தைய எவனாவது சொல்லிக் குடுத்தா, அவன் வீட்டுலயே மொத மொத செஞ்சு பாக்கச் சொல்லு.

அடுத்து நம்ம கடேசி லயத்து அண்ணி கதை. புதுசா எல்இடி பல்பு வாங்கி ரூம்புல மாட்டுச்சு. ராத்திரி சுவிட்ச அணைச்சுட்டுப் படுத்தா, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ பல்பு லேசா மின்னி மின்னி மறையுது. அணைச்ச பல்பு! மாமியா செத்து ஒரு வருசம் ஆகல, கிழவிதான் வந்துட்டான்னு முடிவு பண்ணி, சுவிட்சு மேல எலுமிச்சம்பழம் கட்டி, எல்லையில முனியாண்டிக்கு சுருட்டு வச்சு, வேலைக்கு லீவும் போட்டாச்சு. கிழவி உசுரோட இருக்கையில அந்த ரூம்பு பக்கமே வந்தது கெடையாது, செத்து எதுக்கு வரப்போறா?

பேயி சுவிட்சுக்குள்ளதான் குடியிருக்கு. இருட்டுல சுவிட்சு எங்கன்னு தெரியட்டும்னு செல சுவிட்சுல ஒரு செவப்புப் புள்ளி வச்சிருப்பான். அது நியான் வெளக்கு. சுவிட்ச அணைச்சாத்தான் அது எரியும். அது எரியணும்னா அது வழியா கொஞ்சூண்டு கரண்டு ஓடணும், ஒரு மில்லி ஆம்பியரு கூட இருக்காது. அந்தக் கரண்டு எங்க போகும்? பல்பு வழியாத்தான் போகும், வேற சடக்கு கெடையாது. பழைய குண்டு பல்பு அத மதிக்கவே மதிக்காது, கம்பி கூட வெதுவெதுப்பாவாது. எல்இடி பல்புக்குள்ள இருக்கிற கப்பாசிட்டர் அதச் சேத்து வச்சு, நெறஞ்சதும் ஒரு மின்னு மின்னி விட்டுரும். திரும்பச் சேத்து, திரும்ப மின்னும். நியான் இல்லாத சுவிட்சா மாத்துனா பேயி போயிரும். முனியாண்டி சுருட்டக் குடிச்சிட்டுப் பேசாம இருந்ததுக்கு இதான் காரணம், அவருக்குத் தெரியும் இது வயர்மேன் கேசுன்னு.

ஆனா நியானே இல்லாத சுவிட்சுல, அணைச்சப்புறமும் பல்பு மங்கலா எரிஞ்சா சிரிக்காத. பக்கத்துல ஓடுற வயருலேருந்து ஏறுற கரண்டாவும் இருக்கலாம், சுவிட்ச லைவுல வைக்காம நியூட்ரல்ல வச்சிருக்கலாம். ரெண்டாவதா இருந்தா சுவிட்ச அணைச்சாலும் பல்பு மாட்டுற எடத்துல 230 வோல்ட்டு அப்படியே நிக்கும். அணைச்சாச்சேன்னு ஈரக்கையோட பல்பத் திருகுனா, கிழவி உன்னத் தேடி வர வேணாம், நீயே போயிப் பாத்துக்கலாம்.

சரி, உன் டிவிக்கு வருவோம். டேப்ப ஒட்டுறதுக்கு முந்தி அது எத்தன தடவ மின்னுச்சுன்னு எண்ணுனியா? எண்ணியிருக்க மாட்ட. விட்டு விட்டு மின்னுற லைட்டு பல டிவியில கணக்கு சொல்லுது. இத்தன தடவ மின்னும், கொஞ்சம் நிக்கும், திரும்ப அதே தடவ மின்னும். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேற. ஒண்ணுல அது பவர் போர்டு, இன்னொண்ணுல படத்துக்குப் பின்னால இருக்கிற வெளிச்சப் பட்டை. எண்ணிட்டு, மாடல் நம்பரோட ரிப்பேரு கடைக்காரர்கிட்டச் சொன்னா அவரு பாதி வேலைய நின்ன எடத்துல முடிச்சிருவாரு. நீ போயி "லைட்டு கண்ணடிக்குது அண்ணே"ன்னு சொன்னா, அவரும் உன்னப் பாத்துக் கண்ணடிச்சிட்டு பில்லு போடுவாரு.

மின்னிக்கிட்டே கெடந்து ரொம்ப நேரம் கழிச்சுப் படம் வர்ற பழைய டிவின்னா, பவர் போர்டுல கப்பாசிட்டர் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். மேல்தலை தட்டையா இருக்கணும், மேடு தட்டியிருந்தா போச்சுன்னு அர்த்தம். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து தொண்ணூறுகளோட கடேசிலேருந்து கொஞ்ச வருசம் ஒலகம் பூரா மட்டமான கப்பாசிட்டர் இப்படி உப்பி உப்பிச் செத்துச்சு. சாமான் விலை சில்லறைதான். ஆனா நீ திருப்புளிய எடுக்காத. பிளக்கப் புடுங்குன பின்னாலயும் உள்ள இருக்கிற பெரிய கப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல புடிச்சு வச்சிருக்கும். அதுக்கு உன் இஞ்சினியர் மரியாத தெரியாது.

லைட்டே போயி, அதத்தான் மாத்தணும்னு மல்டிமீட்டர் வச்சுப் பாத்து முடிவாச்சுன்னு வையி. நீட்டுக் காலு பிளஸ்சு, விளிம்பு தட்டையா இருக்கிற பக்கம் மைனஸ்சு. மாத்திப் போட்டா எரியாது. செவப்புக்கு ரெண்டு வோல்ட்டு போதும், நீலத்துக்கு மூணு வேணும். அழகா இருக்கட்டும்னு செவப்பு எடத்துல நீலத்த வச்சா, எரியாமலும் போகலாம், இல்ல மங்கலா அழும். செவப்பு எல்இடி 1962லயே வந்திருச்சு, நிக் ஹோலோன்யாக் செஞ்சாரு. நீலத்துக்கு அப்புறம் ஒரு தலைமுறை பாடுபட்டு, அகாசாகி, அமானோ, நகாமுரா மூணு பேரு 2014ல நோபல் வாங்குனாங்க. அந்தப் பரிச வாங்குன நீல வெளிச்சத்துக்கு மேலயும் நீ டேப்பு ஒட்டுவ, ராத்திரி கண்ணு கூசுதுன்னு. இதுல மட்டும் உன்னக் கொற சொல்ல மாட்டேன். படுக்கிற ரூம்புல அவ்வளவு நீலம் எவனும் கேக்கல.

வைஃபை பெட்டிய பத்தி ஒரே வார்த்தை. அதுல 'லாஸ்' லைட்டு செவப்பா எரிஞ்சா, கண்ணாடி நூல் வழியா வெளிச்சம் வந்து சேரலன்னு அர்த்தம். பெட்டிய அணைச்சு அணைச்சுப் போட்டா வெளிச்சம் வராது. சோபாவ நகத்தி அந்த மெல்லிசு வயர மடக்கியிருக்கியா பாரு, இல்லேன்னா கம்பெனிக்காரன கூப்புடு.

நம்ம ஊரு வானத்துக்குத் தனிக் கணக்கு. பின்னேரம் குனுங் பாலிங் மேல கருக்குதுன்னா சுவிட்ச அணைச்சா பத்தாது, பிளக்கப் புடுங்கு. வைஃபை, டெக்கோடர், ஆண்டெனா வயரு எல்லாத்தயும் கழட்டு. இடி எந்த வயருல வேணும்னாலும் வரும். வெள்ளம் அதவிட மோசம். 2022 ஜூலை 4ஆம் தேதி குனுங் ஈனாஸ் பக்கம் மலைத் தண்ணி மரக்கட்டையும் சேறுமா கூப்பாங்குல எறங்குனப்ப மூணு உசுரு போச்சு, வீட்டுக்கு வீடு சாமான் சேத்துல கெடந்துச்சு. அந்த மாதிரி தண்ணி குடிச்ச சாமான, மேல காஞ்சிருச்சு, லைட்டு எரியுதான்னு போட்டுப் பாப்போம்னு மட்டும் நெனைக்காத. உள்ள சேறு காய நாளாகும். எரிஞ்சாலும் அது நல்ல சேதி இல்ல.

கடேசியா குளிக்கிற ரூம்பு. சுடுதண்ணி ஹீட்டரு சுவிட்சுல செவப்பு லைட்டு எரிஞ்சா கரண்டு இருக்கு, சரி. எரியலேன்னா கரண்டு இல்லன்னு எவன் சொன்னான்? நியான் பழசானா கண்ணாடி கருத்துப்போயி அதுவா செத்துரும், கரண்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். அணைஞ்ச லைட்ட நம்பி ஹீட்டருல கை வைக்காத. மெயின அணை. ஈரம் இருக்கிற எடத்துக்கு 10 மில்லி ஆம்பியரு கரண்டு கசிஞ்சாலே அறுக்குற இஎல்சிபி போடணும்னு சட்டமே இருக்கு. அதுல 'டி'ன்னு போட்ட பித்தான மாசத்துக்கு ஒரு தடவ அமுக்கிப் பாரு, டப்புன்னு விழணும். விழலேன்னா அத நம்பிக் குளிக்காத. அடிக்கடி தானா விழுந்தா தூக்கித் தூக்கி விடாத, அது எதயோ பாத்துட்டுத்தான் விழுது.

மீட்டருக்கு அந்தப் பக்கம் கோளாறுன்னா கரண்டு கம்பெனி டிஎன்பிக்கு 15454ல போன் போடு. மீட்டருக்கு இந்தப் பக்கம்னா லைசென்ஸ் வச்ச வயர்மேன். கூலி கேட்டா மொகத்தச் சுளிக்காம குடு, அவரு வந்து பாக்கிற வரைக்கும் அந்த டிவி பிளக்க மாட்டாத.