வால் பார்த்து ஆள் பிடிக்கலாமா?

கேள்வி: ஐயா, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். ‘எல்-வை’ என்று முடிந்தால் அது ஆங்கில வினையடை என்று டியூசனில் சொன்னார்கள். ‘ஃப்ரெண்ட்லி’ என்று எழுதினேன், பிழை போட்டுவிட்டார்கள். ஏன்?
– ஒரு மாணவி, தெமோதரை

பதில்: வாலைப் பார்த்து ஆளை முடிவு செய்தால் இப்படித்தான், மகள். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ இரண்டும் பெயரடைகள்; வால் மட்டும் இரவல். வாலே இல்லாத வினையடைகளும் உண்டு: ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘சூன்’.

வாலை ஒட்டினால் வம்பு வருவதும் உண்டு. கொழுந்து பறிக்கும் அம்மாவைப் பற்றி ‘ஷீ வேர்க்ஸ் ஹார்ட்’ என்று எழுதினால் பாடுபட்டு உழைக்கிறார். ‘ஷீ வேர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதிவிடாதே. வேலையே செய்வதில்லை என்ற மாதிரி ஆகிவிடும். அது கங்காணிகூடச் சொல்லத் துணியாத பொய்!

ஆகவே வினைச்சொல்லைக் கேள்வி கேள்: எப்படி, எப்போது, எங்கே, எத்தனை தடவை? பதில் சொல்லும் சொல்தான் வினையடை. பெயரடையையும் இன்னொரு வினையடையையும் தூக்கிக் காட்டும் ‘வெரி’யும் இந்தச் சாதிதான்.

உங்கள் ஊர் ஸ்டேஷனையே எடுத்துக்கொள். எல்ல பக்கமிருந்து வரும் ரயில் அங்கே நின்று, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள 42ஆம் இலக்கச் சுரங்கத்தில் நுழைகிறது. ‘த ட்ரெயின் பாஸஸ் அண்டர்னீத்’ என்றால், எங்கே? ‘அண்டர்னீத்’. வினையடை. ‘அண்டர்னீத் த ஸ்டேஷன்’ என்று நீட்டினால் அதே சொல் முன்னிடைச்சொல்லாகிவிடும்.

ரயில் ‘லேட்’டாக வந்தால் ‘லேட்லி’ என்று எழுதாதே. அதற்கு ‘அண்மைக்காலமாக’ என்று பொருள். நம் மலைநாட்டு ரயிலுக்கு இரண்டுமே பொருந்தும் என்பது வேறு விஷயம்!