கையடக்கக் கணினிக்கு ஆவணச் செயலி தேர்தல்: சத்வா அறைக் கணக்கை முன்வைத்து ஒரு நன்னூல் நெறி ஆய்வு

பாயிரம்

ஒரு நூலுக்கு நேரக்கூடிய குற்றங்கள் பத்து என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் வகுத்துவிட்டார். சீயகங்கன் கேட்க அவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அன்று முதல் புலவர்கள் அதைப் பிறர் நூல்களின் மேல் ஏவி மகிழ்ந்து வருகிறார்கள். பாம் என்னும் கையடக்கக் கருவியில் ஓடும் விரிதாள் செயலியின் மேல் அதை ஏவியவர் மட்டும் இதுவரை இல்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். அக்குறையால் யாருக்கு என்ன நட்டம் எனின், நட்டம் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு, சத்வாவின் அறைகளில் அது உரத்த குரலில் வெளிப்பட்டது.

ஆய்வுக் களம்

துபாயில் ஜுமைராவுக்கும் ஷேக் சாயித் சாலைக்கும் நடுவே கிடப்பது சத்வா. கடற்பக்கம் பணக்கார வீடுகள், சாலைப்பக்கம் கண்ணாடிக் கோபுரங்கள். இடையில் தையல் கடைகள், துணிக் கடைகள், கார் இருக்கைக்கு உறை தைப்பவர்கள், செடி விற்கும் தெரு, பேருந்து நிலையம், ஈரானிய மருத்துவமனை, 1978 முதல் நடக்கும் ராவி உணவகம். இவற்றின் பின்சந்துகளில் இருந்த பழைய வில்லாக்களே நம் களம். வில்லாவை அறைகளாக்கி, அறையைக் கட்டில்களாக்கி, கட்டிலையும் மேல், கீழ் என்று பகுத்து வாடகைக்கு விடுவது பெட் ஸ்பேஸ் எனப்படும்.

ஆய்வுக் காலம் 2002 முதல் 2006 வரை. அந்நாளில் கையடக்கக் கணினி வாங்க சத்வாக்காரர் அதிகம் அலைய வேண்டியதில்லை. 1981இல் தொடங்கிய ஜைடெக்ஸ் கணினிக் கண்காட்சி நடந்த உலக வர்த்தக மையம் சாலைக்கு அந்தப்புறம். பர் துபாயில் காலித் பின் வலீத் சாலைக் கணினிக் கடைகள் ஒரு பஸ் தூரம். அதற்கு முந்தைய தலைமுறை கேசியோ டிஜிட்டல் டைரியோடு நின்றுவிட்டது. கோடாலித் தைலம், டாங்க் டப்பா இவற்றோடு அதுவும் ஊருக்குப் போய், மைத்துனர் சட்டைப்பையில் ஏறி, பட்டன் செல் தீர்ந்த நாளில் ஓய்வு பெற்றது.

ஆய்வுப் பொருள்

அறைக் கணக்கு என்பது கூட்டிக் கழிக்கும் எளிய காரியம் என்று சத்வாவில் வாழாதவர் எண்ணக்கூடும். வாடகை தலைக்கு, ஆனால் கீழ்க் கட்டிலுக்குக் கொஞ்சம் கூடுதல். தேவா எனும் மின்சார, தண்ணீர் பில் ஆள் கணக்கில். கேஸ் சிலிண்டர் சமைப்பவர் கணக்கில். கிராசரிப் பற்று, மீன், கோழி எல்லாம் மெஸ்ஸில் சேரும். மெஸ் சாப்பிட்ட நாள் கணக்கில் பிரியும். ஒருவர் வெக்கேஷன் போனால் வாடகை உண்டு, மெஸ் இல்லை. ரமலானில் நோன்பு பிடிப்பவருக்குப் பகல் சாப்பாடு கழியும், நோன்புக் கஞ்சி கூடும். ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்த மச்சான் தரையில் படுத்தால் வாடகை கிடையாது, சோறு உண்டு; அந்தச் சோறு யார் பெயரில் என்பது தனி வழக்கு.

இத்தனையையும் எக்செலில் ஏற்றினால் பத்துப் பதினைந்து நெடுவரிசை வரும். ஏற்றுபவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம் கீப்பராகவோ கணக்காளராகவோ இருப்பார். கோப்பு அலுவலகக் கணினியில் பிறக்கும். அறையில் கணினி கிடையாது. ஆகவே கோப்பைச் சட்டைப்பையில் வைத்து சத்வாவுக்குக் கொண்டுவரும் வாகனம் ஒன்று தேவைப்பட்டது. எந்த வாகனம் என்பதே ஆய்வுச் சிக்கல்.

கருவிகள்

1996இல் பைலட் 1000, பைலட் 5000 என்ற இரண்டு கருவிகளோடு பாம் வந்தது. அதைப் படைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். சார்ஜ் தீராமலும் தரவு அழியாமலும் இயங்கிய ஒரே கையடக்கக் கருவி அந்த மரக்கட்டைதான் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

பாமுக்கு ஆவணச் செயலிகள் பல. டேட்டாவிஸ் நிறுவனத்தின் டாகுமென்ட்ஸ் டு கோ, குயிக்ஆபிஸ், வேர்ட்ஸ்மித் ஆகியன பெயர் பெற்றவை. 2003இல் வந்த டங்ஸ்டன் ஈ கருவியோடு டாகுமென்ட்ஸ் டு கோ கூடவே கிடைத்தது. மறுமுகாமில் மைக்ரோசாஃப்டின் பாக்கெட் பிசி. அதில் பாக்கெட் வேர்டும் பாக்கெட் எக்செலும் உள்ளேயே இருக்கும். போதாதென்றால் ஜெர்மனியில் நியூரம்பெர்க்கின் சாஃப்ட்மேக்கர் தந்த டெக்ஸ்ட்மேக்கர் வாங்கலாம்.

குற்றவியல்

*குன்றக் கூறல்.* செயலிக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர் பாமின் மெமோ பேடில் கணக்கை எழுதினார். ஒரு மெமோவுக்கு ஏறத்தாழ 4,000 எழுத்துதான் இடம். மாதம் 20ஆம் தேதி தக்காளி என்று தொடங்கும்போது இடம் தீர்ந்தது. செயலி வாங்கியவர் நிலையும் பெரிதாக மேம்படவில்லை. பழைய பாமின் திரை 160க்கு 160 புள்ளி. அதில் மூன்று நான்கு நெடுவரிசை தெரியும். மீதியை ஊசியால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும்.

"அண்ணே, போன மாசம் அஞ்சு நாளு அல் அய்ன் சைட்ல கிடந்தேன். மெஸ்ஸக் கழிச்சீங்களா?"

"கழிச்சாச்சுடா. இதுல இருக்கு பாரு."

"பேரு தெரியுது, பணம் தெரியலையே."

"பணம் வலது பக்கம் இருக்கு. தள்ளு."

"இப்ப பணம் தெரியுது, யாரு பணம்னு தெரியலையே."

இவ்வுரையாடல் மேற்படி குற்றத்துக்குப் போதிய சான்று.

*மிகைபடக் கூறல்.* டாகுமென்ட்ஸ் டு கோவில் வேர்ட், எக்செல் மட்டுமின்றி ஸ்லைடுஷோ டு கோவும் உண்டு. சாம்பார்ச் செலவைப் படக்காட்சியாக விளக்கும் தேவை சத்வாவில் எழுந்ததாகத் தெரியவில்லை. மொத்த நினைவகமே 8 மெகாபைட்டாக இருந்த நாளில் அது கீழ்க் கட்டிலில் படுத்துக்கொண்டு வாடகை தராத விருந்தாளி.

*கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும்.* இவை இரண்டும் ஹாட்சிங்க் என்னும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தொட்டிலில் கருவியை வைத்துப் பொத்தானை அழுத்தினால் கணினியும் கருவியும் ஒன்றையொன்று பார்த்துச் சமன் செய்துகொள்ளும். ஒரே பதிவை இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால், எது மெய் என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் வைத்துவிடும். கிராசரிக்காரர் எண் இரண்டாகும். இரண்டும் வேறாக இருக்கும். நடுவர் இப்படித் தீர்ப்பைத் தவிர்ப்பது கோழைத்தனம் எனின், அற்றன்று. அறையில் இரண்டு பேர் இரண்டு கணக்குச் சொல்லும்போது மூத்தவர் செய்வதும் அதுவே.

*வழூஉச்சொல் புணர்த்தல்.* பாமில் எழுத கிராஃபிட்டி என்னும் தனி எழுத்துமுறை. ஏ என்பதற்குக் குறுக்குக் கோடு கூடாது. யூவும் வீயும் ஒன்றையொன்று கவ்வும். பயிற்சி முடித்து ஒருவர் தேறிய வேளையில், ஜெராக்ஸ் நிறுவனம் தொடுத்திருந்த காப்புரிமை வழக்கையொட்டி 2003இல் கிராஃபிட்டி 2 வந்தது. கற்றதை மறக்கும் வேலை தொடங்கியது. அக்காலத்துக் கணக்குகளில் வாழைக்காயும் வெண்டைக்காயும் ஒரே எழுத்துக்கூட்டலில் கிடக்கின்றன. விலையை வைத்து ஊகிக்க.

*மயங்க வைத்தல்.* அலுவலகக் கணினியில் முரசு அஞ்சல் கொண்டு தமிழில் தட்டிய கோப்பு, கைக்கருவியில் ஐரோப்பியக் குறிகளின் குவியலாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு குறியீடுகளைத் தரப்படுத்தியிருந்தது. அந்தச் செய்தி பாம் நிறுவனத்துக்கு எட்டவில்லை. தமிழும் அறிந்த சிம்பியூட்டர் பெங்களூரில் உருவாகி 2004இல் கடைக்கு வந்தது, சத்வாவுக்கு வரவில்லை. ஆகவே அறைக் கணக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் பேசியது.

*மற்றொன்று விரித்தல்.* கணக்கைத் திறந்தவர் கையில் சிறிது நேரத்தில் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருக்கும். இதில் செயலியின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. எழுத்துருவில் அழகு காட்டிய வேர்ட்ஸ்மித்தில் விரிதாளே இல்லை. அது *வெற்றெனத் தொடுத்தலில்* அடங்கும்.

*சென்று தேய்ந்து இறுதல்.* இக்குற்றத்துக்கு வளைகுடாவைப் போல் பொருத்தமான நிலம் வேறில்லை. அன்றைய கருவிகள் எல்லாவற்றையும் மின்சாரம் இருந்தால் மட்டுமே நிற்கும் நினைவகத்தில் வைத்திருந்தன. பேட்டரி அடியோடு இறங்கினால் கணக்கும் இறங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போகிறவர் கருவியைக் கட்டிலுக்கடியில் வைத்துப் போவார். அவர் கறி இட்லி தின்று திரும்புவதற்குள் கருவி பிறந்த குழந்தையாகியிருக்கும். அலுவலகக் கணினியில் படி இருந்தால் பிழைத்தார். 2004இல் பாமின் டங்ஸ்டன் டி5, 2005இல் விண்டோஸ் மொபைல் 5 இவை வந்த பிறகுதான் மின்சாரம் போனாலும் தரவு தங்கியது.

பதினோராம் குற்றம்

இதுவரை கண்டவை எல்லாம் சகிக்கத்தக்கவை. பவணந்தியார் பட்டியலில் சேராத ஒரு குற்றம் உண்டு. அதற்கு *அறியாததை அழித்தல்* என்று இவ்வாய்வு பெயரிடுகிறது.

அறைக் கணக்குக் கோப்பில் ஒரு கட்டத்தின் மூலையில் சிறு சிவப்பு முக்கோணம் இருக்கும். சுட்டியை மேலே வைத்தால் குறிப்பு விரியும்: தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பணம் எடுத்திருக்கான், பெருநாள் வரைக்கும் கேட்க வேண்டாம். கட்டத்துக்குள் இருப்பது பாக்கித் தொகை. மூலையில் இருப்பது அறையின் தீர்மானம். மாதக் கூட்டத்தில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன.

பாக்கெட் பிசியில் அந்தக் கோப்பை ஏற்றினால் ஆக்டிவ்சிங்க் என்னும் சமன் செய்யும் மென்பொருள் அதைப் பாக்கெட் எக்செல் வடிவுக்கு மாற்றும். மாற்றும்போது தனக்குப் புரியாதவற்றை உதறிவிடும். வரைபடம் போகும், மேக்ரோ போகும், கட்டக் குறிப்பும் போகும். பாக்கெட் வேர்ட் இதே வேலையை அட்டவணைகளுக்கும் அடிக்குறிப்புகளுக்கும் செய்தது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. கைக்கருவியில் ஒரு தக்காளி விலையைத் திருத்திவிட்டு மறுபடி சமன் செய்தால், இளைத்த கோப்பு கணினிக்குத் திரும்பிப் போய்க் கொழுத்த கோப்பின் இடத்தில் உட்காரும். எண் ஒன்றும் பிசகாது. பாக்கித் தொகை பைசா சுத்தமாக நிற்கும். பெருநாள் வரைக்கும் கேட்க வேண்டாம் என்பது மட்டும் இருக்காது. அந்த மாதம் கணக்கு வாசிக்கும் புது ஆள் எல்லார் முன்னும் கேட்டுவிடுவான்.

டாகுமென்ட்ஸ் டு கோ வேறு வழியில் போனது. மெக்கின்டாஷ் கோப்பையும் பிசி கோப்பையும் ஒன்றுக்கொன்று மாற்றும் மென்பொருளில் வளர்ந்த நிறுவனம் அது. மாற்றத்தில் எது தொலையும் என்பதை அறிந்திருந்தது. மூலக் கோப்பைக் கணினியில் அப்படியே வைத்துக்கொள்ளும். கருவிக்கு ஒரு சுருக்கப் படியை அனுப்பும். திரும்பும்போது திருத்திய இடத்தை மட்டும் மூலத்தில் ஏற்றும். பின்வந்த பதிப்புகள் இன்டாக்ட் என்ற பெயரில், வேர்ட், எக்செல் கோப்புகளை நேராகக் கருவியிலேயே திறந்து, காட்ட முடியாத பகுதிகளைத் தொடாமல் சேமித்தன.

காட்டவே முடியாததைக் காத்து என்ன பயன் எனின், கூறுவன். காட்டாமை குன்றக் கூறல். அது கருவியின் வறுமை. அழித்தல் கருவியின் ஆணவம். பெட் ஸ்பேஸ் அறையில் இந்த வேறுபாட்டைச் சின்னப் பையனும் அறிவான். பக்கத்துக் கட்டிலின் கீழே பூட்டிய பெட்டி ஒன்று கிடக்கிறது. உள்ளே என்ன என்று தெரியாது. தரை கூட்டுகிறவன் அதை இழுத்து, கூட்டி, இருந்த இடத்திலேயே தள்ளி வைக்கிறான். செயலியிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவே.

நின்று பயனின்மை

பத்தாவது குற்றத்தைக் காலம் எல்லார் மேலும் சுமத்தியது. 2010இல் பாமை எச்.பி. வாங்கியது, மறு ஆண்டே அந்த வகைக் கருவிகளை நிறுத்தியது. அதே 2010இல் டாகுமென்ட்ஸ் டு கோ பிளாக்பெரி நிறுவனத்திடம் போனது. குயிக்ஆபிஸை 2012இல் கூகுள் வாங்கி, பின்னர் மூடிவிட்டது. களமும் தப்பவில்லை. 2008இல் ஜுமைரா கார்டன் சிட்டி என்ற பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டுச் சத்வாவின் ஒரு பகுதி இடிபட்டது. பொருளாதார நெருக்கடி வந்து திட்டம் நின்றது. அறைகள் கலைந்து சிலர் கிசைஸுக்கும் சிலர் ஷார்ஜாவுக்கும் போனார்கள்.

மிஞ்சியது கோப்பு. பாமுக்கே உரிய வடிவில் அடைத்து வைத்த கணக்குகளைத் திறக்க இன்று பழங்கருவி தேட வேண்டும். எக்செல் உருவிலேயே காத்த கணக்குகளை எந்தக் கைப்பேசியும் திறக்கும். மூலையில் சிவப்பு முக்கோணமும் இருக்கும்.

ஆய்வு முடிபுகள்

அ. செயலியைத் தேர்பவர் அதில் என்னென்ன வசதி என்று பார்ப்பதற்கு முன், கோப்பை ஒருமுறை ஏற்றி, ஓர் எண்ணைத் திருத்தி, திரும்ப இறக்கி, எது காணாமற் போயிற்று என்று பார்க்க.

ஆ. அறைக் கணக்குக்கு டாகுமென்ட்ஸ் டு கோ தகும். ஸ்லைடுஷோவை அழித்துவிடலாம்.

இ. வெக்கேஷன் போகுமுன் சமன் செய்க. கருவியை மேல் கட்டில்காரரிடம் கொடுத்து வாரம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்க. சீட்டாட்டம் ஆட அவருக்கு அனுமதி உண்டு.

மேலாய்வுக்கு உரியன

1. விசிட் விசா மச்சானின் சோற்றுக்குத் தனி நெடுவரிசை வேண்டுமா, அல்லது அவரை அழைத்தவர் வரிசையிலேயே அடங்குவாரா.

2. நோன்புக் கஞ்சியை நோன்பு பிடிக்காதவர் குடித்த அளவை விரிதாளில் குறிக்கும் முறை.

3. வெக்கேஷன் முடிந்து வந்தவர் பெட்டியைக்கூட இறக்காமல், "ஃப்ளைட்டு ராத்திரிதான், ஆனா மதியமே நான் சாப்பிடலையே, அந்த நாளையும் கழிச்சிருக்கீங்களா?" என்று கேட்கும்போது கணக்காளர் காட்ட வேண்டிய முகபாவம். இதற்குச் செயலி எதுவும் இன்னும் வரவில்லை.