அடுப்பங்கரை நிபுணர்

வீட்டில் ஒரு சாமானை யார் தொடுவதே இல்லையோ, அதை வாங்குகிற பொறுப்பை அவர்தான் முந்திக்கொண்டு எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அந்தச் சாமான் அடுப்பு. அந்த 'அவர்' நான். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். பக்கத்தில் யாராவது நின்றால் பாலும் காய்ச்சுவேன். இந்த அனுபவத்தை மூலதனமாக வைத்து, சமையலறையை இடித்துக் கட்டுகிற சமயத்தில், "அடுப்பை எங்கிட்ட விட்டுடுங்க" என்று அறிவித்தேன். மனைவி மறுப்பே சொல்லவில்லை. டைல்ஸ், சிங்க், அலமாரி மூன்றிலும் நான் மூக்கை நுழைக்காமல் இருக்க, அடுப்பைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அம்மா மட்டும், "அவன் பார்க்கறதுன்னா விலையைத்தான் பார்ப்பான்" என்றாள். அம்மாவுக்கு என்னைத் தெரியாது. நான் விலையைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

திருச்சி தில்லைநகரில் ஒரு கடைக்குப் போனேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் ஓடிவந்து, "குக்டாப்பா, ஹாப்பா, ஹாப்டாப்பா சார்?" என்றான். மேடைமேல் உட்காருவது குக்டாப், கிரானைட்டை அறுத்து உள்ளே இறக்குவது ஹாப், இரண்டு விதமாகவும் வைக்க இடம்கொடுப்பது ஹாப்டாப் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு விளங்கியது. அந்த நிமிஷத்தில், மூன்றில் நடுவில் இருப்பது எப்போதும் பத்திரம் என்ற கொள்கைப்படி, "ஹாப்" என்றேன்.

என்னை ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். 60 சென்டிமீட்டர் அகலம், நாலு பர்னர். குனிந்தேன். என் முகம் தெரிந்தது. முகம் தெரிகிற அடுப்பை அதுவரை நான் கண்டதில்லை. அங்கேயே மனசு விழுந்துவிட்டது. பையன் அடுக்கினான்: மூலையில் இருக்கிற பெரிய பர்னரில் வட்டத்துக்குள் வட்டமாக மூன்று வரிசை தீ, பேட்டரியில் தானே பற்றிக்கொள்ளும், லைட்டர் வேண்டாம், மேலே 8 மில்லிமீட்டர் டஃபண்ட் கிளாஸ். "உடையவே உடையாது சார். உடைஞ்சாலும் கூரா உடையாது, பொடிப்பொடியா உதிர்ந்துடும்." எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு விளம்பரத் தாளோடு வீடு திரும்பினேன். ஒப்பித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: "உடையாதுங்கறான், எப்படி உடையும்ங்கறதையும் சேர்த்துச் சொல்றானே?"

நான் அசரவில்லை. "இதுல சிம்மர் பர்னர்னு தனியா ஒண்ணு இருக்கும்மா. சின்னத் தீ. கொதிச்சதை அதுல மாத்தி வச்சுட்டா அடிப்பிடிக்காம வெந்துகிட்டே இருக்கும்" என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி. அம்மா சிரித்தாள். அவள் பிறந்த வீட்டு மண் அடுப்பில் பெரிய வாய்க்குப் பக்கத்திலேயே கொடியடுப்பு உண்டு. விறகு வைப்பது ஒரு வாயில்தான். அந்தத் தீயின் மிச்சம் உள்துளை வழியாகக் கொடியடுப்புக்குப் போகும். சோற்றை வடித்துவிட்டுப் பருப்பை அங்கே தள்ளிவைத்தால் அது பாட்டுக்கு வேகும். தனிச் செலவு கிடையாது. "அதுக்குப் பேட்டரியும் கிடையாது" என்று அம்மா முடித்தபோது, விளம்பரத் தாளை நான் பாதியாக மடித்துவிட்டேன்.

மனைவி வாதமே செய்யவில்லை. பழைய தினசரித் தாள்களை ஒட்டி, 60-க்கு 52 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, கூடத்துத் தரையில் விரித்தாள். நான் சொன்ன இடங்களில் சாஸரை வைத்து நாலு வட்டம் போட்டாள். அப்புறம் உள்ளே போய்ச் சாமான்களைக் கொண்டுவந்தாள். பின் இடது வட்டத்தில் அஞ்சு லிட்டர் குக்கர். முன் இடது வட்டத்தில் தோசைக்கல். தோசைக்கல் 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர், குக்கரின் வயிறு 24, கூட்டினால் 54. தாளே 52-தான். தோசைக்கல் குக்கரை முட்டி, குக்கரின் கைப்பிடி வலப்பக்கத்து வட்டத்துக்குமேல் நீட்டிக்கொண்டு நின்றது. குக்கரை எடுத்துவிட்டு, இட்லிப் பானையைக் குறுக்கு மூலையில் வைத்தபோதுதான் ஒருவழியாக அமைதி பிறந்தது. "ஆக, நாலு பர்னர்ல ரெண்டு பாத்திரம்" என்றாள். "சின்னச் சின்னப் பாத்திரமா வாங்கிட்டா…" என்று ஆரம்பித்தேன். அடுப்புக்காகப் பாத்திரத்தை மாற்றச் சொன்ன என்னை இருவரும் பார்த்த பார்வையில் வாக்கியத்தின் மிச்சம் ஆவியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து மச்சினன் வந்தான். "கேஸை விடுங்க மாமா. இன்டக்‌ஷன் ஹாப் போடுங்க. தீயே கிடையாது, கரி கிடையாது." பத்தே நிமிஷத்தில் நான் கட்சி மாறினேன். கண்ணாடிக்குக் கீழே செப்புக்கம்பிச் சுருள். அதில் விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிற மின்சாரம். அது கிளப்புகிற காந்தப் புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தைச் சுழலவிட, பாத்திரம் தானே சூடாகிறது. எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரே ஒரு நிபந்தனை, பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். அவ்வளவுதானே என்று, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கொடைக்கானல் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

அலுமினிய இட்லிப் பானை: ஒட்டவில்லை. வெண்கலப் பானை: ஒட்டவில்லை. கல்சட்டியிடம் கேட்கவே கூடாது. மாக்கல்லுக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு! எவர்சில்வர் நிச்சயம் கைகொடுக்கும் என்று நம்பினேன். நிக்கல் கலந்த உசத்தி எவர்சில்வரில்தான் காந்தம் பிடிக்காதாம். மனைவி சீராகக் கொண்டுவந்த கனமான பாத்திரங்களிலிருந்து கொடைக்கானல் வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் பரணில் கிடந்த மலிவான தூக்கு ஒன்றில் 'டக்'கென்று ஒட்டியது.

ஈயச்சொம்பின் பக்கம் நான் கையை நீட்டியபோது அம்மா குறுக்கே வந்தாள். அந்தச் சொம்பில்தான் எங்கள் வீட்டு ரசம். வெள்ளீயம் என்கிற உலோகம் அது. 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கிற வரைக்கும் கொதிநிலையைத் தாண்டிச் சூடு ஏறாததால் சொம்பு பிழைக்கிறது. வெறும் சொம்பைத் தீயில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அடியில் ஓட்டை, அடுப்பில் வெள்ளிச் சொட்டு. அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் தீ, நுரை கட்டி வரும்போது இறக்கு என்பது அம்மா மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தச் சொம்பைத் தொட எனக்கு அனுமதியும் இல்லை.

தோசைக்கல்லில் காந்தம் இறுகப் பிடித்துக்கொண்டது. இரும்பு அல்லவா? வெற்றி என்று கூவினேன். மச்சினனே தலையைச் சொறிந்தான். சுருளின் அகலம் எட்டங்குலத்தை எட்டினால் அதிகம். நடுவில் தோசை முறுகி, ஓரத்தில் மாவு மாவாகவே இருக்கும். குழிவான இருப்புச்சட்டி, ஆப்பச்சட்டி எதுவும் தட்டைக் கண்ணாடியில் நிற்காது. "சுட்ட அப்பளம்?" என்றாள் அம்மா. "கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல்?" என்றாள் மனைவி. தீயே கிடையாது என்று பெருமைப்பட்டவன் மாமாவின் பின்னால் ஒளிந்தான். சாதாரணமாக நான்தான் அவன் பின்னால் ஒளிவேன்.

எனக்கு இன்னும் கணக்கு பாக்கி இருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில் போட்டேன். சிலிண்டரில் 14.2 கிலோ. அதிலுள்ள வெப்பத்தை மின்சாரமாக எண்ணினால் சுமார் 180 யூனிட். ஐ.எஸ். 4246 என்கிற நம் தர நிர்ணயப்படி, வீட்டு கேஸ் அடுப்பு அதில் நூற்றுக்கு 68 பங்கையாவது பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கில் 120 சொச்சம். அதே வேலையை நூற்றுக்கு 85 பங்கு தேறுகிற இன்டக்‌ஷனில் செய்ய, ஏறக்குறைய 145 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்! வெற்றிக்களிப்போடு நிமிர்ந்தேன். "அந்த நூறை ஏசியும் ஃபிரிட்ஜும் எப்பவோ சாப்பிட்டாச்சு. ஐந்நூறைத் தாண்டினா ரேட்டே வேற" என்றாள் மனைவி, கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே. வந்த எலக்ட்ரீஷியன் அதற்குமேல். நாலு அடுப்பு இன்டக்‌ஷன் முழுசாக ஓடினால் 7,000 வாட், 30 ஆம்பியர். தனி லைன் இழுக்க வேண்டும், மீட்டரின் லோடையும் பார்க்க வேண்டும். "ஐப்பசி மழையில கரண்ட் போனா?" என்று அம்மா கேட்டதற்கு இன்வெர்ட்டரைக் காட்டினேன். அதில் ஃபேன் சுற்றுவதே ஒரு சாதனை.

ஆக கேஸ்தான் என்று முடிவாயிற்று. கிரானைட் அறுக்கிறவர் வந்து, "கட்டிங் சைஸ் குடுங்க சார்" என்றார். என் கறுப்புக் கண்ணாடியின் அளவைக் கொடுத்தேன். அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இது அந்த மாடலுக்கு மட்டுந்தான் சேரும். நாளைக்கு அடுப்பு மாத்தினா புதுசு இந்தக் குழியில உட்காரலாம், உட்காராமலும் போகலாம். அறுத்த கல்லை ஒட்ட முடியாது சார்." அதுவரை நான் கேட்ட விளக்கங்களில் விற்பனை நோக்கம் இல்லாதது இது ஒன்றுதான். அறுத்தால் அவருக்குக் கூலி. அறுக்காதே என்று சொன்னதற்கு ஒரு காபிதான் கிடைத்தது. தச்சர் தம் பங்குக்கு, சிலிண்டர் நிற்கிற அறைக்கதவின் அடியில் துளை விட்டார். இந்த வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகத்தான் படியும் என்று விளக்கி, ரப்பர் குழாயின் தேதியைப் பார்த்து, அஞ்சு வருஷம் ஆகிவிட்டது மாற்றுங்கள் என்றும் சொன்னார். ஊரில் என்னைத் தவிர எல்லாருக்கும் அடுப்பைப் பற்றித் தெரிந்திருந்தது.

மறுபடி கடைக்குப் போனபோது மூவருமாகப் போனோம். ஒரு துணிப்பையில் தோசைக்கல், குக்கர், ஈயச்சொம்பு, காபிக்குப் பால் காய்ச்சுகிற குட்டிப் பாத்திரம். தூக்கியவன் நான். வாசல் காவலர் பையைப் பார்த்துவிட்டு, ரிப்பேருக்குப் பக்கத்துக் கடை என்றார். உள்ளே, என் கனவு ஹாப்பின் மேல் மனைவி குட்டிப் பாத்திரத்தை வைத்தாள். கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம். பாத்திரம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. பையன் வாய் திறக்குமுன் அதை எடுத்துக்கொண்டு அடுத்த அடுப்புக்குப் போய்விட்டாள். அம்மா பர்னரைத் தூக்கிக் கையில் எடை பார்த்தாள். பித்தளையானால் தலையை ஆட்டினாள், அலுமினியமானால் கீழே வைத்தாள்.

எரிய விட்டுக் காட்டச் சொன்னாள். டெமோ அடுப்பின் குமிழை அழுத்தித் திருப்பி, பற்றியதும் கையை எடுத்தாள். அணைந்தது. மறுபடி. அணைந்தது. தீ பட்டுச் சூடாகிற குச்சி ஒன்று பர்னர் பக்கத்தில் இருக்கிறது, அதில் பிறக்கிற துளி மின்சாரம்தான் வாயு வழியைத் திறந்து பிடித்திருக்கிறது, பால் பொங்கித் தீ அணைந்தால் குச்சி ஆறி வழி தானே மூடிக்கொள்ளும், அதனால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று பையன் விளக்கினான். "பிடிச்சா எரியுது, விட்டா அழுது. இது அடுப்பா, கைக்குழந்தையா?" என்றாள் அம்மா. ஆனாலும் அந்த வசதி வேண்டும் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். நான் பால் காய்ச்சுகிற வீட்டில் அது அவசியமாம்.

மேடைமேல் உட்காருகிற மூன்று பர்னர் அடுப்பு ஒன்றில் தோசைக்கல்லும் குக்கரும் முட்டிக்கொள்ளாமல் நின்றன. நடுவில் சொம்புக்கு இடம் இருந்தது. அதற்குள் எங்களைச் சுற்றி ஒரு சிறு கூட்டம். ஓர் அம்மாள் எங்கள் தோசைக்கல்லைக் கடன் வாங்கித் தான் பார்த்துவைத்த அடுப்பில் வைத்துப் பார்த்தார். பையன் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு, மனைவியிடம், "மேடம், ஆப்பச்சட்டிக்கு எந்த பர்னர் சரியா வரும்?" என்று சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்காக ஒற்றை இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்றும் பில்லில் ஏறியது. வெந்நீருக்கு. நேரம் ஆனால் தானே அணைந்துவிடுமாம்.

என் பக்கத்தில் ஒருவர் கையில் விளம்பரத் தாளோடு ஒதுங்கி நின்றார். தோசைக்கல்லைக் கடன் வாங்கிய அம்மாளின் கணவர். "சார், இந்த டிரிபிள் ரிங்ங்கறது என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை நாளும் எனக்குக் கிடைக்காத ஆள்! மூன்று வரிசைத் தீயில் தொடங்கினேன். 8 மில்லிமீட்டர் கண்ணாடி, 68 சதவீதம், 20,000 தடவை என்று வரிசையாகக் கொட்டினேன். அவர் பேனா எடுத்துக் குறித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு நிபுணர்களும் அந்தத் துளி மின்சாரத்தின் நுட்பத்தில் ஆழ்ந்திருந்தபோது இரண்டு குடும்பத்துக்கும் பில் போட்டு முடிந்திருந்தது. பணம் கட்டுகிற இடத்திலிருந்து கார்டு கேட்டபோதுதான் எங்கள் இருவர் பெயரும் அந்தக் கடையில் முதன்முதலாகச் சத்தமாகக் கூப்பிடப்பட்டன.