பாட்டில் எடுத்த படலம்

ஊரில் இருந்தவரைக்கும் குடிக்கிற விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. கம்பிக்குள் பணத்தை நீட்டினால், கேட்டதோ கேட்காததோ, ஏதோ ஒன்று கைக்கு வரும். அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, தெரிந்த முகம் எதிரே வருவதற்குள் தெருமுனை திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். மியூனிக்குக்குக் குடிவந்த பிறகுதான் தெரிகிறது, அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று.

இங்கே குளிர் விட்டதும் எதைக் குடிப்பது, எதோடு குடிப்பது, எந்தத் தேதிவரை குடிப்பது என்று நம் பஞ்சாங்கத்தை மிஞ்சுகிற கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்திலேயே ஆரம்பித்துவிடும். நோன்பு என்றால் நமக்கு வாயைக் கட்டுவது. இந்த ஊர் மடத்துச் சாமியார்களுக்கோ கடித்துத் தின்பதுதான் தோஷம். குடிப்பது கணக்கில் வராது. அதனால் நல்ல கெட்டியாக ஒரு பீரைக் காய்ச்சி அதிலேயே நோன்பை ஓட்டியிருக்கிறார்கள். பவுலானர் மடத்தார் காய்ச்சிய சால்வாட்டோர்தான் அந்த வம்சத்துக்கு மூத்த பிள்ளை. பின்னால் வந்த தம்பிமார் பலரும் ‘ஆட்டோர்’ என்று முடிகிற பெயரையே வைத்துக்கொண்டார்கள். சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் இதில் ஏறக்குறைய 8.

“ஒரே ஒரு கிளாஸ்தான், வா” என்று ஆபீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கிளாஸ் என்றால் ஒரு லிட்டர் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி வருகையில் எங்கள் ஸ்டேஷனில் ரயில் சரியாகத்தான் நின்றது. நான்தான் நிற்கவில்லை. கடைசி ஸ்டேஷனில் ஒரு அம்மாள் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் மே மாதத்துக்கென்று மைபொக் வரும். நிறம் வெளுத்திருக்கும், வீரியம் வெளுக்காது. அதை நான் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நாள் பிசகாமல் அனுசரிப்பவர். மே 15-ஆம் தேதி, ‘குளிர் சோஃபி’ என்று இவர்கள் சொல்கிற புனிதையின் நாள் கழியாமல் ஒரு தக்காளி நாற்றைக்கூட வெளியே வைக்க மாட்டார். அதுவரைக்கும் ராத்திரிப் பனி எப்போது வேண்டுமானாலும் விழுமாம். எனக்கும் சொன்னார். நான் ஏப்ரலில் நாலு நாள் வெயிலைப் பார்த்துவிட்டு, மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கறிவேப்பிலைச் செடியை பால்கனியில் வைத்தேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

அந்தப் பெரியவர்தான் எங்களை ஷ்பார்கெல் விருந்துக்குக் கூப்பிட்டார். ஷ்பார்கெல் என்பது வெள்ளை அஸ்பாரகஸ். வெயில் படாமல் மண்ணை மேடாக அணைத்து வளர்ப்பதால் அந்த வெளுப்பு. ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் 24-ஆம் தேதியோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருஷத்துக்குச் செடி தேற வேண்டுமல்லவா. இடைப்பட்ட காலத்தில் இந்த ஊரில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் அதுதான், எந்த வீட்டுக்குப் போனாலும் அதைப் பற்றிய பேச்சுதான்.

“ஏங்க, வெறுங்கையோட போகக் கூடாது. நல்ல ஒயினா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வாங்க” என்றாள் மனைவி. போனேன். தரையிலிருந்து கூரைவரை பாட்டில். நான் புத்தகக் கடைக்கு வந்தவன் மாதிரி கழுத்தைச் சாய்த்து லேபிள்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். ஒன்றும் விளங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். கடைப் பெண் வந்து, “என்ன சாப்பாடு?” என்று கேட்டாள்.

இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாளே என்று, “ரசம் சாதம்” என்றேன்.

அவள் விடவில்லை. ரசம் என்றால் என்ன என்று கேட்டாள். புளி, மிளகு, சீரகம், பூண்டு என்று விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். ஓர் அலமாரிக்குப் போனாள், திரும்பி வந்தாள், இன்னொரு அலமாரிக்குப் போனாள். கடைசியில் மிகவும் வருத்தத்தோடு, “அதற்கு பீர்தான் சரிப்படும்” என்றாள். எந்தச் சாப்பாட்டோடு குடிக்க ஒயின் வேண்டும் என்பதுதான் கேள்வி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷ்பார்கெல் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நேரே போய் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். ஃபிராங்கன் வட்டாரத்து சில்வானர். அந்தத் திராட்சைக்கொடி 1659-இல் காஸ்டெல் என்ற ஊரில் நடப்பட்டதாம். அன்றிலிருந்து அங்கேயே வேர்விட்டுவிட்டது. புளிப்பு அடக்கமாக இருக்கும், வெண்ணெய்க் குழம்பு ஊற்றிய ஷ்பார்கெலை அமுக்காது. துவர்ப்பான சிவப்பு ஒயினை அதோடு குடித்தால் வாயில் இரும்புவாடை தட்டும் என்று எச்சரித்தாள். நான் அதற்குள் கையில் எடுத்திருந்த சிவப்பு ஒயினை, யதேச்சையாகத் தொட்ட பாவனையில் திரும்ப வைத்தேன். வீட்டுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று சில்வானரை இரண்டாக வாங்கினேன்.

ஃபிராங்கன் ஒயினுக்கென்றே ஒரு பாட்டில் உண்டு. தட்டையான வயிறு, குட்டைக் கழுத்து. பார்க்க லட்சணம்தான், ஆனால் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் நுழையாது. உள்ளே இட்லி மாவு. கீழ்த்தட்டில் தேங்காய்த் துருவல். மாமியார் மூன்று மாத விசாவில் வந்ததிலிருந்து ஃப்ரிட்ஜில் எனக்கென்று இருக்கும் இடம் அதன் மேல்தலைதான்.

“என்ன மாப்பிள்ளை இது, கஷாயமா?”

“திராட்சைச் சாறு அத்தை.”

“பாட்டில் நல்லா இருக்கே. காலியானா எங்கிட்ட குடுங்க.”

விருந்தன்று பெரியவர் என் பாட்டிலை வாங்கி, முன்னும் பின்னும் படித்து, “அருமையான ஒயின்” என்று சொல்லி, பத்திரமாக நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையில் கண்ணாடித் தொட்டியோடு வந்தார். மைபோலே. வால்ட்மைஸ்டர் என்ற காட்டுப் பச்சிலையை வெள்ளை ஒயினில் ஊறவைத்து, நுரைக்கும் ஒயினைச் சேர்ப்பது. பூப்பதற்கு முன்னால் பறிக்க வேண்டும். வாடவிட்டால்தான் மணம் வரும். காம்பு நனையாமல் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் கூடாது. அதிலுள்ள கூமரின் தலைவலி கொடுக்குமாம். மனிதர் கடிதம் நிறுக்கும் தராசில் நிறுத்திருந்தார். புது வைக்கோல் வாசனை. “பாயசத்துல போடலாம் போலிருக்கே” என்றாள் மனைவி. மாமியார் ஷ்பார்கெலை உற்றுப் பார்த்து, “இது நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கு ஜாதியாச்சே” என்றார். அதுவும் சரிதான், இரண்டும் ஒரே இனம். அந்த மேஜையில் ஒன்றும் தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

வீட்டு பாட்டிலை ஒரு வழியாகக் குடித்து முடித்ததும், சனிக்கிழமை காலி பாட்டில்களோடு கடை மெஷினுக்குப் போனேன். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் டெபாசிட். இருபது பாட்டில், பெட்டிக்கு 1.50, ஆக மொத்தம் 3 யூரோ 10 சென்ட் நம் பணம் அதற்குள் கிடக்கிறது. மெஷினில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அடிப்பக்கம் முன்னால் போக வேண்டும். பீர் பாட்டிலெல்லாம் போயிற்று. தட்டை வயிறு போகவில்லை. நிமிர்த்திப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், தோளைக் கொடுத்து அழுத்தியும் பார்த்தேன். பின்னால் வரிசை வளர்ந்தது. ஒரு பொடியன், பத்து வயது இருக்கும், “ஒயின் பாட்டிலுக்கு டெபாசிட்டே கிடையாது” என்று எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னான். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது.

இந்தப் பருவத்தில் நான் தோற்காமல் திரும்பிய இடம் பீர் கார்டன் ஒன்றுதான். அதற்கும் காரணம் நானில்லை, ஒரு ராஜா. அந்தக் காலத்தில் வெயில் மாதங்களில் பீர் காய்ச்சத் தடை. அதனால் முன்கூட்டியே காய்ச்சி நிலவறையில் சேமித்தார்கள். அறை சூடேறாமல் இருக்க மேலே செஸ்ட்நட் மரங்களை வைத்தார்கள். அந்த நிழலில் ஜனங்கள் கூடிக் குடித்ததில் ஓட்டல்காரர்கள் பிழைப்பு போகிறதென்று புகார். 1812-இல் முதலாம் மாக்ஸிமிலியன் ராஜா, ‘பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது’ என்று தீர்ப்புச் சொன்னார். ஜனங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கும் அந்த உரிமை உண்டு. 1999-இல் அரசாணையிலேயே ஏறிவிட்டது.

இது காதில் விழுந்ததும் மாமியார் புளியோதரை கிளறிவிட்டார். மரத்தடியில் டிபன் கேரியரைத் திறந்தோம். மாமியாருக்கு ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்தது, மனைவிக்கு ராட்லர் என்கிற எலுமிச்சை சோடா கலந்த பீர். எனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “இதுலயே பாதி குடிங்க, போதும்” என்று தீர்மானமாகிவிட்டது. புளியோதரைக்கு ராட்லர் பிரமாதம். கடைப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

மே மாதம் இந்தப் பக்கம் வருகிறவர்கள் தைரியமாகச் சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். பீரை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். விரிப்புப் போட்ட மேஜையில் உட்காராதீர்கள். அது ஓட்டல்காரர் பரிமாறுகிற இடம், எழுப்பிவிடுவார்கள். எங்களை எழுப்பினார்கள்.