கரண்டியின் பின்புறம்

பழைய வெள்ளிப் பரிமாறு கரண்டியைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முதலில் செய்ய வேண்டியது, அதைக் குப்புறக் கவிழ்ப்பது. அடுத்தது, அது வீட்டுக்கு வந்த கதையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. மலேசியாவின் தஞ்சோங் ரம்புத்தான், செம்மோர், ஈப்போ வட்டாரத்தில் இந்தக் கதைக்கு ஒரே வடிவம்தான் உண்டு. தோட்டத் துரை சீமைக்குக் கப்பலேறும் அன்று தாத்தாவைக் கூப்பிட்டு, தோளில் தட்டி, தன் கையாலேயே கொடுத்தார். தாத்தா ஒரு வீட்டில் கிராணியாகவும் இன்னொரு வீட்டில் பங்களா சமையல்காரராகவும் இருப்பார். தோள்தட்டல் மட்டும் மாறாது. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் நடந்தபோது பங்களாச் சாமான்கள் பல வழிகளில் கைமாறின. தோளில் தட்டிக் கொடுத்தது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். கரண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், துரைமார் தட்டில் சாப்பிட்டார்களா கரண்டியிலேயே குடியிருந்தார்களா என்ற சந்தேகம் வருகிறது.

இந்த ஆராய்ச்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது உத்தமம். 1911இல் மனநல மருத்துவமனை திறந்ததிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைச் சொன்னாலே நாடு முழுவதும் ஒரு மாதிரியாகச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் வாசலில் ஒருவர் உட்கார்ந்து, கரண்டியின் முதுகைப் பூதக்கண்ணாடியால் பார்த்துத் தமக்குள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பதை வெளியூர் உறவினர் காண நேர்ந்தால், விளக்கம் சொல்லி மாளாது.

பொருள் என்ன என்பதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். அகன்ற அலகும் அதில் பூவேலைத் துளைகளும் உள்ள கரண்டியை வீட்டார் தோசைக் கரண்டி என்பார்கள். அது விக்டோரியா காலத்து மீன் பரிமாறும் கரண்டி. துளைகள் குழம்பு வடிய. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. ஆகவே அதை வைத்துத் தோசை திருப்பியவர் இரண்டாவது தோசைக்கு வேறு கரண்டி எடுத்திருப்பார். மீன் கரண்டி என்று தெரியாமல் சைவ வீட்டுப் பூசை அறையில் சர்க்கரைப் பொங்கல் பரிமாறியதும் உண்டு. தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பது நல்லது.

கவிழ்த்ததும் நான்கு எழுத்துகள் நான்கு கட்டங்களில் தெரிந்தால் ஆராய்ச்சி அங்கேயே முடிகிறது. ஈ. பி. என். எஸ். நான்கும் தாத்தாவின் தலைப்பெழுத்துகள் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. தமிழருக்கு மூன்று தலைப்பெழுத்து புதிதல்ல. எஸ் என்பது சுப்பையாவாகவும் இருக்கலாம், செல்லமுத்துவாகவும் இருக்கலாம். உண்மையில் அது நிக்கல் சில்வரின் மேல் பூசிய வெள்ளி மின்முலாம். நிக்கல் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் உண்டு. பெயரைத் தவிர அதில் வெள்ளி கிடையாது. பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் இந்த மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன்பின் முலாம் சாமான் செய்தவர்கள் தங்கள் எழுத்துகளை அசல் வெள்ளி முத்திரை போலவே கேடயங்களுக்குள் அடித்து வைத்தார்கள். பக்கத்தில் ஏ1 என்று இருந்தால் அது முலாமின் கனத்தைச் சொல்லும் தரக்குறி.

அசல் ஆங்கில வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருக்கும். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்பதற்கு 1544 முதல் அதுதான் சாட்சி. ஊருக்கொரு குறியும் உண்டு: லண்டனுக்குச் சிறுத்தை முகம், பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். பின்னிரண்டு ஊர்களுக்கும் தரம் பார்க்கும் சாலை 1773இல்தான் கிடைத்தது. நங்கூரத்துக்குக் கடற்கரை தேடுபவர்கள் ஏமாறுவார்கள். பர்மிங்காம் இங்கிலாந்தின் நட்டநடுவில் இருக்கிறது. அரசர் தலையும் சேர்ந்திருந்தால் வரி கட்டிய பொருள். அந்தத் தலை 1784 முதல் 1890 வரை விழுந்தது. ஆண்டுக்கு ஓர் எழுத்தும் உண்டு. ஊரைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படிப்பவருக்கு அது வினை: லண்டனில் 1836இல் ஏ என்று தொடங்கிய வரிசை பர்மிங்காமில் 1849இல் ஏ என்று தொடங்கியது. பஞ்சாங்கத்தை மாற்றி வைத்துக்கொண்டு முகூர்த்தம் பார்த்த கதையாகிவிடும்.

எஞ்சியிருப்பது செய்தவர் முத்திரை. 1363 முதல் சட்டம் அதைக் கேட்டது. கலையைப் பாராட்டும் எண்ணம் சட்டத்துக்குத் துளியும் இல்லை. வெள்ளியில் கலப்படம் வந்தால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அந்த முத்திரையிலுள்ள எழுத்துகள் பட்டறை முதலாளியைக் காட்டும். சுத்தியல் பிடித்தவரைக் காட்டாது. லண்டனில் ஹெஸ்டர் பேட்மன் என்ற விதவை, ஐம்பது வயதைக் கடந்தபின், 1761இல் தம் முத்திரையைப் பதிவு செய்து பெரிய பட்டறையையே நடத்தினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எச். பி. என்ற அவரது எழுத்துக்கு இன்று ஏலத்தில், நன்றாக எழுதத் தெரிந்த பலரின் எழுத்தைவிட மதிப்பு அதிகம்.

தமிழர் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் என்றால் அது கொடுத்தவர் பெயர் அல்லது உடையவர் பெயர். கலியாண வீட்டில் பாத்திரக்கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார். குடத்தைத் தட்டி உருவாக்கியவர் பெயரை யாரும் கேட்டதில்லை. அதே பழக்கத்தில், கரண்டிப் பிடியில் கொடிபோல் வளைந்து ஓடும் பெரிய எழுத்துகளைப் பார்த்ததும் செய்தவர் அகப்பட்டார் என்று சந்தோஷப்படுவார்கள். அது துரை குடும்பத்தின் தலைப்பெழுத்து. வேறுபாடு விரல் நுனிக்கே தெரியும்: உடையவர் எழுத்து கீறிக் குழிந்திருக்கும், செய்தவர் எழுத்து ஒரு சிறு குழிக்குள் புடைத்து நிற்கும், அரிசி அளவுதான் இருக்கும். வெட்டிய பெயர் பெரிதாகவும் அழகாகவும் இருந்தால் அது நிச்சயம் வேலை செய்தவருடையது அல்ல.

சிங்கமும் இல்லை, சிறுத்தையும் இல்லை, ஆனால் வெள்ளி கனமாக இருக்கிறது என்றால் கரண்டி நம் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளிக்குக் கட்டாய முத்திரை கிடையாது. கடைக்காரர் விரும்பினால் தம் பெயரை அடித்துக்கொள்வார். சென்னை மவுண்ட் ரோட்டில் ஸ்காட்லாந்துக்காரர் பீட்டர் ஆர் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் அப்படிப்பட்டது. தெய்வ உருவங்களைப் புடைத்து அடித்த அந்தக் கடைச் சாமான்களுக்கு ‘சுவாமி’ வெள்ளி என்று வெள்ளைக்காரர்களே பெயர் வைத்தார்கள். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்து போனபின் அந்தப் பாணிக்குச் சீமையிலும் கிராக்கி ஏறியது. தேக்கரண்டியின் நுனியில் கிருஷ்ணர் நிற்பார். துரைசாணி அவர் தலையைப் பிடித்துச் சர்க்கரை கலக்குவார். புடைப்பு வேலை நம் தட்டார்களுடையது, கரண்டியில் பெயர் ஆருடையது. சாமியைச் செதுக்கியவருக்குச் சம்பளம், கடைக்காரருக்குச் சரித்திரம்.

சீனர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கேன்டன், ஹாங்காங், ஷாங்காய் ஏற்றுமதி வெள்ளியில் ஆங்கில எழுத்தும் சீன எழுத்தும் அருகருகே இருக்கும். டபிள்யூ. எச். என்றால் வாங் ஹிங் கடை. பக்கத்திலுள்ள சீன எழுத்து பெரும்பாலும் வேலை செய்த பட்டறையைச் சொல்லும். 90 என்ற எண் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. படித்துக் காட்ட ஈப்போவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், ஒரே எழுத்தைக் கேன்டனீசுக்காரர் ஒரு விதமாகவும் ஹக்காக்காரர் வேறு விதமாகவும் உச்சரிப்பார்கள். கோப்பிக்கடையில் ஒரு மேசையில் ஒரு பெயரும் அடுத்த மேசையில் இன்னொரு பெயரும் கிடைக்கும். எழுத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதே தீர்வு.

கிந்தா ஈயமும் அவ்வப்போது வெள்ளி வேடம் போடும். ஈயக் கலவையான பழைய பியூட்டர் கரண்டி பார்வைக்கு ஏமாற்றும்; ஆனால் மங்கலாக ஒலிக்கும், சுலபமாக வளையும். 1885இல் கோலாலம்பூருக்கு வந்த யோங் கூன் தொடங்கிய தொழிலில் பிள்ளைகள் பிரிந்து தனித்தனிக் கடை போட்டதால், அங்கே செய்தவரைத் தேடுவது பாகப்பிரிவினைப் பத்திரம் படிப்பதற்குச் சமம்.

எல்லா முத்திரைக்கும் பொது எதிரி விபூதி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெள்ளியை விபூதி போட்டுத் தேய்க்கும் வீட்டில், மூன்று தலைமுறைக்குள் சிங்கம் முதலில் பூனையாகி, பிறகு வெறும் மேடாகிவிடும். ஆண்டெழுத்தும் அதோடு போகும். தேய்ந்த முத்திரையைப் படிக்க ஒரு வழி உண்டு: மெழுகுவர்த்திப் புகையை அதன்மேல் படியவிட்டு, ஒளிபுகும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டினால் எழுத்து தெளிவாக விழும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் உதவும். மறுபடி விபூதி போட்டுப் பார்ப்பது உதவாது.

மீன் கரண்டி, கேக் கரண்டி போன்றவற்றில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பிடியும் அலகும் தனித்தனியே செய்யப்பட்டிருக்கலாம். மெல்லிய வெள்ளித் தகட்டில் இரண்டு பாதியாக அச்சடித்து ஒட்டி, உள்ளே குங்கிலியக் கலவை நிரப்பிய பிடிகள் ஷெஃபீல்டில் ஏராளமாகத் தயாராயின. அலகு வேறொரு பட்டறையில் வேறோர் ஆண்டில் முத்திரை வாங்கியிருக்கும். இரண்டு முத்திரையும் சரிதான், இரண்டு முதலாளிகளும் உண்மைதான். குடும்பத்தார் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று வாதாடிக்கொண்டே ஈப்போ லகாட் சாலை நகைக்கடைக்கு எடுத்துப்போனால், பத்தர் பிடியை மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். அரக்கு வைத்த காப்பும் வளையலும் எத்தனையோ பார்த்தவர் அவர். “உள்ள சரக்கு இருக்கு” என்று சொல்லி, அலகை மட்டும் தராசில் வைப்பார்.