காற்றுக்கு மெத்தை

அமெரிக்க அலுவலகங்களில் மனிதருக்கு நாற்காலி, காற்றுக்கோ மெத்தை. எத்தனையோ கட்டடங்களில் ஏசி டக்டின் உட்சுவரில் கண்ணாடி இழைப் பஞ்சை ஒட்டிவைத்திருக்கிறார்கள். குளிர் வீணாகாமலிருக்க என்றால் வெளிப்பக்கம் சுற்றினாலே போதும். ஆனால் விசிறி இரைச்சல் அடங்காதே, அதிகாரியின் மீட்டிங் கெடுமே! ஆகவே பஞ்சு உள்ளே போனது.

ஒட்ட வருகிற தொழிலாளி கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டையோடு வருகிறார். அரிக்கும், எரியும் என்று பஞ்சு வந்த பொட்டலத்திலேயே அச்சடித்திருக்கிறது. வேலை முடிந்ததும் எச்சரிக்கை பொட்டலத்தோடு குப்பைக்குப் போகிறது, பஞ்சு தங்கிவிடுகிறது. அதன் கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்து மூச்சுவிடுகிறவருக்கு முகமூடி கிடையாது. டை உண்டு.

கேள்வி கேட்டால் ஒரு தாளை நீட்டுவார்கள். 1987-இல் கண்ணாடிப் பஞ்சைப் ‘புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம்’ என்ற பிரிவில் வைத்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2001-இல் கட்டடக் காப்புக்கான பஞ்சை ‘வகைப்படுத்த இயலாது’ என்ற பிரிவுக்கு மாற்றியது. இந்த இழைகள் நுரையீரலில் வெகுநாள் தங்குவதில்லை என்பதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்வோம். ஆனால் சாட்சி போதவில்லை என்பது விற்பவர் வாயில் நன்னடத்தைச் சான்றிதழாகிவிட்டது. கொலை வழக்கில் தப்பியவன் மேல் திருட்டு வழக்கே போடக்கூடாதா?

திருட்டு இதுதான். கூலிங் காயிலிலிருந்து தெறிக்கும் நீர் பஞ்சில் ஊறுகிறது. ஃபில்டரை ஏமாற்றி வந்த தூசி அதன்மேல் படிகிறது. ஈரம், இரை, இருட்டு: பூஞ்சைக்குத் தினமும் மாப்பிள்ளை விருந்து! வெறும் தகரமாயிருந்தால் துடைத்துவிடலாம். நனைந்து பூஞ்சை பிடித்த பஞ்சைச் சுத்தம் செய்ய முடியாது, பிடுங்கி மாற்றுங்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே எழுதிவைத்திருக்கிறது. பிடுங்கினால் செலவு. மருந்தடித்தால் மலிவு, வாசனை வேறு. பஞ்சு ஒட்டிய டக்டுக்குள் அடிக்க எந்தக் கிருமிக்கொல்லியையும் தான் பதிவு செய்யவில்லை என்றும் அந்த முகமை சொல்லியிருக்கிறது. அதை யார் படித்தார்கள்?

அந்த முகமையின் கதையும் சிரிப்புக்குரியதுதான். 1980-களின் கடைசியில் வாஷிங்டனில் அதன் தலைமையகத்திலேயே புதுக் கம்பளம் விரித்தார்கள். ஊழியர்கள் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். நாட்டின் காற்றுக்குக் காவல் இருந்தவர்களுக்கே உட்கார்ந்த இடத்தில் காற்று சரியில்லை.

இருமுகிற ஊழியருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நிர்வாகத்தைக் குறை சொல்லக் கூடாது. ‘மன அழுத்தம்’ என்று கண்டுபிடித்து, அதே அறையில் யோகா வகுப்பு வைக்கிறது. முதல் பாடம்: கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்.